வளைந்த எழுத்தின் அடியில் ஒரு கோடு: சான்றிதழ் அச்சிடக் கொடுப்போர் கவனத்திற்கு

திருகோணமலையில் நிலாவெளி வீதியை அண்டியுள்ள எமது சனசமூக நிலையத்தின் விளையாட்டுப் போட்டிக்காக, 150 சான்றிதழ்களை நகரமத்தியில் உள்ள ஓர் அச்சகத்தில் அச்சிடக் கொடுத்து, பணத்தையும் இரண்டு வாரங்களையும் இழந்த விவரத்தை இங்கே எழுதுகிறேன். அச்சகத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. நடந்ததை அறிந்துகொண்டால் எந்தக் கடையிலும் இதே ஏமாற்றை அடையாளம் காணலாம்.

சான்றிதழின் உச்சியில் நிலையத்தின் பெயரும் ‘திருகோணமலை’ என்ற ஊர்ப்பெயரும் வில்போல வளைந்து வரவேண்டும் என்று கேட்டிருந்தோம். மாதிரியை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினார்கள். நானும் தலைவரும் பார்த்துச் சம்மதம் சொன்னோம். அச்சாகி வந்த கட்டைப் பிரித்தபோதுதான், வளைந்த எழுத்துகளின் அடியில் ஒரு கறுப்புக் கோடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடுவதைக் கண்டோம். ஆங்கில எழுத்தென்றால் அடிக்கோடு என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். தமிழில் அது முடியாது. ‘ரு’வின் வால் கோட்டுக்குக் கீழே இறங்குவதால், ஊர்ப்பெயரின் இரண்டாம் எழுத்தையே யாரோ அடித்துத் திருத்தியதுபோல இருந்தது.

மாதிரியில் இதை ஏன் காணவில்லை என்று பின்னர் கணக்குப் பார்த்தேன். கிடையாக வைத்த ஏ4 தாளின் அகலம் 297 மில்லிமீற்றர். ஏழு சென்ரிமீற்றர் அகலமான கைபேசித் திரையில் அது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருங்குகிறது. 0.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள கோடு அங்கே 0.05 மில்லிமீற்றரைக்கூட எட்டாது. போதாததற்கு வட்ஸ்அப்பும் படத்தின் தரத்தைக் குறைத்தே அனுப்புகிறது. சம்மதம் சொன்ன தவறு எங்களுடையது என்பதை நான் மறுக்கவில்லை.

கடைக்குத் திரும்பக் கொண்டுபோனபோது கணினியில் இருந்த இளைஞர் சற்றும் தயங்கவில்லை. “வளைச்சு எழுதினா அடியில கோடு வரத்தான் செய்யும் சேர். அதை அழிச்சா எழுத்தெல்லாம் நேராப் போயிடும். எடுக்கிறதெண்டா தனி வேலை, 2,500 ரூபாய் வரும்” என்றார். மறு அச்சுக்குப் பாதிக் கூலியாக மேலும் 4,500 ரூபாய் கேட்டார்கள். போட்டிக்கு ஐந்து நாட்களே இருந்தபடியால் இரண்டையும் கொடுத்தோம். பற்றுச்சீட்டு கேட்டதற்குக் கடையின் பெயர்கூட இல்லாத ஒரு துண்டுத் தாளில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்கள். அதையும் நான் மறுபேச்சின்றி வாங்கிப் பையில் வைத்தேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

இரண்டாவது கட்டு போட்டிக்கு முதல்நாள் மாலை வந்தது. கோடு இல்லை. ஆனால் ஊர்ப்பெயர் ‘திரகோணமலை’ ஆகியிருந்தது. கறுப்புக் கோட்டை எடுப்பதற்குப் பதிலாக, அதன்மேல் தடித்த வெள்ளைக் கோடொன்றை வரைந்து மூடியிருந்தார்கள். அந்த வெள்ளை ‘ரு’வின் வாலையும் சேர்த்து விழுங்கிவிட்டது. சான்றிதழின் பின்னணி இளமஞ்சள் என்பதால், வெள்ளைப் பட்டையும் வெளிச்சத்தில் பிடித்தால் தழும்புபோலத் தெரிந்தது.

அன்றிரவு நிலையத்தில் உதவிக்கு வந்திருந்த என் அக்காவின் மகன் தன் மடிக்கணினியில் இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, ஒரு வளைகோடு வரைந்து, அதில் ஊர்ப்பெயரை ஏற்றிக் காட்டினான். அதே கோடு வந்தது. கோட்டை மட்டும் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி, அடியில் உள்ள வண்ணப்பட்டையில் பெருக்கல் குறியிட்ட கட்டத்தைச் சொடுக்கினான். கோடு மறைந்தது, எழுத்து வளைந்தபடியே நின்றது. “இதுக்கா மாமா 2,500 குடுத்தனீங்கள்?” என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

அந்த இளைஞர் சொன்னதில் பாதி உண்மை என்பதால்தான் நாங்கள் ஏமாந்தோம். கம்பியில் வரிசையாக அமர்ந்த காகங்களைப் போல எழுத்துகள் அந்த வளைகோட்டில் தங்கியிருக்கின்றன; இங்க்ஸ்கேப்பில் கோட்டையே அழித்தால் எழுத்து நேராகிவிடும் என்பது சரிதான். ஆனால் கோட்டை அழிக்க வேண்டிய தேவையே இல்லை. அதன் வெளிவரி நிறத்தை ‘எதுவுமில்லை’ என்று மாற்றினால் போதும். அச்சகங்கள் பெரிதும் பயன்படுத்தும் கொரல்ட்ரோ மென்பொருளிலும் வளைகோட்டைத் தேர்ந்தெடுத்து, வண்ணப்பட்டையின் பெருக்கல் குறிக் கட்டத்தில் வலப்பக்கச் சொடுக்குக் கொடுத்தால் முடிந்தது. இல்லையேல் கன்ட்ரோல், கே விசைகளால் எழுத்தையும் கோட்டையும் பிரித்துவிட்டு, பிறகு கோட்டை அழிக்கலாம். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனிலும் கோட்டின் நிறத்தை நாமே எடுக்க வேண்டும். வரைகலை மென்பொருளான இலஸ்ட்ரேற்றரிலோ கோட்டின்மேல் எழுதத் தொடங்கியவுடன் அதன் நிறம் தானாகவே போய்விடுகிறது. தேர்ந்தெடுக்கும்போது தெரியும் கோடு திரைக்கு மட்டும் உரியது, அச்சில் வராது. ஆகவே “வரத்தான் செய்யும்” என்று ஒருவர் சொன்னால், அவருக்கு வேலை தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவர் நினைக்கிறார்.

இனி நான் படமாக வரும் மாதிரிக்குச் சம்மதம் சொல்லமாட்டேன். பிடிஎஃப் கோப்பைக் கேட்டு வாங்கி, 400 விழுக்காடு பெருப்பித்து, வளைந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன்; முழு அச்சுக்கு முன் ஒரேயொரு தாளை உண்மையான அளவில் அடித்துக் கையில் தரச் சொல்வேன். மூலக்கோப்பையும் கேட்டுப் பெறுவது நல்லது. நாங்கள் கேட்டபோது, எழுத்து பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் இருப்பதால் வேறு கணினியில் உடைந்துவிடும் என்று சொல்லி மறுத்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும் என்பது உண்மை. எழுத்தை எழுத்துரு தேவைப்படாத வரைவடிவமாக (வளைகோடுகளாக) மாற்றித் தந்தால் அந்தச் சிக்கலும் இல்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடும்படி பலர் சொல்கிறார்கள். என்னிடம் இருப்பது பெயரில்லாத துண்டுத் தாள். அதையும், இரண்டு கட்டுகளிலிருந்தும் கட்டுக்கு ஒன்றாக இரண்டு சான்றிதழ்களையும் எடுத்து வைத்திருக்கிறேன், இந்த வாரம் அழைப்பேன். போட்டியன்று கொடுத்தவை இரண்டாவது கட்டுத்தான். முதல்நாள் இரவு ஆறு பேர் நிலையத்தின் நீள மேசையில் அமர்ந்து, நுனி மெல்லிய கறுப்புப் பேனையால் 150 ‘ர’வுக்கும் வால் போட்டோம்.