வெர்டிக்கியோ: கடைசியில் வரும் அந்தக் கசப்பு

இத்தாலி வெள்ளை ஒயின் என்றாலே பினோ கிரிஜியோ கேட்டு வாங்குபவர்கள் ஒருமுறை வெர்டிக்கியோவுக்கு மாறிப் பார்க்கலாம். பல விளைச்சல் ஆண்டுகளின் பாட்டில்களைத் தொடர்ந்து குடித்த பிறகு சொல்லும் கருத்து இது. அட்ரியாட்டிக் கடலை ஒட்டிய மார்க்கே மாநிலத்தின் வெள்ளைத் திராட்சை இது. எடுத்ததும் எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும் தெரியும், நடுவில் லேசாகச் சோம்பு வாசம் வரும். விழுங்கிய பிறகு, தோல் உரிக்காத பாதாமை மென்றது போல நாக்கின் அடியில் ஒரு கசப்பு தங்கும். புதிதாகக் குடிப்பவர்கள் ஒயின் கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்படுவது இந்த இடத்தில்தான். கெடவில்லை, அதன் குணமே அது. சாப்பாட்டோடு குடிக்கும்போது எண்ணெய்ப் பசையை வாயிலிருந்து துடைத்து எடுப்பதும் அந்தக் கசப்புதான்.

வாங்கும்போது லேபிளைக் கவனிக்க வேண்டும். 'வெர்டிக்கியோ தேய் காஸ்தெல்லி தி யேசி' என்பது கடல் பக்கமுள்ள பெரிய பகுதி, டி.ஓ.சி. தகுதி (இன்ன பகுதியில், இன்ன விதிப்படி செய்தது என்ற இத்தாலியச் சட்ட முத்திரை) 1968-இல் கிடைத்தது. 'வெர்டிக்கியோ தி மத்தேலிக்கா' மலைக்குள் அடைபட்ட ஒரு பள்ளத்தாக்கு. கடல்காற்று அங்கே எட்டாது, இரவில் நன்றாகக் குளிரும், அதனால் புளிப்பு கூர்மையாக நிற்கும். 'கிளாசிக்கோ சுப்பீரியோரே' (பழைய மையப் பகுதியில் விளைந்தது, ஆல்கஹால் சற்றுக் கூடியது) என்று போட்ட யேசி பாட்டில்தான் கொடுக்கும் பணத்துக்கு மிக நியாயமானது. நாள்பட வைத்து விற்கும் யேசி ரிசெர்வா 2010-இல் டி.ஓ.சி.க்கு மேற்படியான டி.ஓ.சி.ஜி. ஆனது, அதில் பெயரின் வரிசை மாறி 'காஸ்தெல்லி தி யேசி வெர்டிக்கியோ ரிசெர்வா' என்று வரும். குறைந்தது 18 மாதம் வைத்திருந்துதான் அதை விற்க முடியும். இடுப்பு ஒடுங்கிய, பழைய ஜாடி மாதிரியான பச்சை பாட்டில் 1953-இல் வந்தது. இந்த ஒயினை உலகத்துக்குக் காட்டியதும் அதுதான், சுற்றுலாக் கடைச் சரக்கு என்ற பெயரை வாங்கிக் கொடுத்ததும் அதுதான். பாட்டில் அழகை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பலரும் கெடுப்பது குளிர்ச்சியில். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வேகத்தில், 4 டிகிரியில் ஊற்றினால் வாசம் அடைத்துக்கொள்ளும். புளிப்பும் கசப்பும் மட்டும் மிஞ்சும். கொஞ்ச நேரம் வெளியே வைத்து 10 முதல் 12 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். ரிசெர்வாவுக்கு இன்னும் இரண்டு டிகிரி கூட இருக்கலாம். குறுகலான கிளாஸை விட வயிறு கொஞ்சம் அகன்றது நல்லது, அதில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது.

ஊர்ச் சாப்பாட்டோடு வைத்தால்தான் இதன் பலம் முழுசாகத் தெரியும். மார்க்கேயின் துறைமுக நகரமான அன்கோனாவின் பிரொதெத்தோ என்ற மீன் குழம்பில் 13 வகை மீன் போடுவது மரபு; தக்காளியோடு வினிகரும் சேரும். புளிப்பு குறைந்த ஒயின் அதன் பக்கத்தில் சப்பென்று போகும், வெர்டிக்கியோ அசையாமல் நிற்கும். கோனெரோ கடற்கரையின் மோஷோலி சிப்பிக்கு இளசான, சாதா பாட்டிலே போதும். காட்டுப் பெருஞ்சீரகம் போட்டுச் சமைக்கும் முயல்கறியோடு ஒயினிலுள்ள சோம்பு வாசம் நேராகப் போய் ஒட்டிக்கொள்ளும். உள்ளே கறி வைத்துப் பொரித்த அஸ்கோலி ஆலிவுக்கும் இதையே எடுக்கலாம்: உப்பு கசப்பைத் தணிக்கும், புளிப்பு எண்ணெயைக் கழுவும். உருளைக்கிழங்கும் ஆலிவ் எண்ணெயும் தாராளமாகச் சேர்த்து மெதுவாக வேகும் ஸ்டோக்காஃபிஸோ கருவாட்டுக்கு மட்டும் ஐந்தாறு வருடம் ஆன ரிசெர்வா வேண்டும். அந்த வயதில் தேனும் சீமைச் சாமந்தியும் வாசத்தில் வந்திருக்கும். இளசு அங்கே காணாமல் போய்விடும்.

சேராதவையும் உண்டு. ஆர்டிசோக் சாப்பிட்ட நாக்கில் ஒயின் அசட்டு இனிப்பாகத் தெரியும், அந்தக் காயில் உள்ள சைனாரின் என்ற பொருள் செய்கிற வேலை அது. மிளகாய்க் காரம் ஏறினால் ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும், கசப்பும் தூக்கலாகும். இனிப்புப் பண்டத்தோடு வெறும் புளிப்புதான் மிஞ்சும்.

சாதா பாட்டிலை மூன்று வருடத்துக்குள் முடித்துவிடுங்கள். நல்ல ரிசெர்வா 12 முதல் 14 டிகிரியில், வெளிச்சம் படாமல், கார்க் நனையும்படி படுக்கவைத்தால் பத்து வருடமும் தாங்கும். சமையலறை அலமாரியில் ஒரு கோடையைக் கழித்த பாட்டில் நிறம் பழுத்து, அடிபட்ட ஆப்பிள் வாசம் அடிக்கும். அதைத் திருப்ப வழியில்லை. நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வந்தால் கார்க்கின் கோளாறு, கடையில் மாற்றிக் கேட்கலாம். திருகு மூடிப் பாட்டிலில் முதலில் தீக்குச்சி வாசம் வந்தால் பயப்பட வேண்டாம், கிளாஸில் சுழற்றிப் பத்து நிமிடம் விட்டால் பெரும்பாலும் போய்விடும். மீந்ததை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் இருக்கும். சுப்பீரியோரே பல சமயம் இரண்டாம் நாளில்தான் நன்றாக விரிகிறது. அடியில் கண்ணாடித் தூள் போலப் படிவது டார்டாரிக் அமிலத்தின் உப்பு, குளிரில் உறைந்து இறங்கியது. உடம்புக்கு ஒன்றும் செய்யாது. கடைசி ஒரு வாயைப் பாட்டிலிலேயே விட்டுவிட்டால் போதும்.