“ஐ5 தானே சொன்னோம், ஐ5 தானே இருக்கு?” – பழைய லேப்டாப் வாங்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

வீட்டுக்கு ஒரு லேப்டாப், 25,000 ரூபாய்க்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று முடிவு செய்துகொண்டு கிளம்பிய ஆள் நான். தேவையும் பெரிதில்லை. மனைவி சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூகுள் மீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறார், பையனுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட், எனக்கு ஈ.பி. பில், ரயில் டிக்கெட், இரண்டு எக்செல் ஷீட். அவ்வளவுதான்.

இந்த விலைக்கு ஷோரூமில் புதிதாகக் காட்டியதெல்லாம் செலரான் என்கிற அடிமட்ட ப்ராசஸர், 4 ஜிபி ராம், ஃபைல்களைச் சேமிக்க 64 ஜிபி இஎம்எம்சி. அந்த 64-ல் பாதியை விண்டோஸே தின்றுவிடும், அப்டேட் வந்தால் இறங்க இடம் இருக்காது, அந்த இஎம்எம்சி போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது என்பதால் பிறகு மாற்றவும் முடியாது. அதை வேண்டாம் என்று சொன்னதை இன்றைக்கும் சரியென்றே நினைக்கிறேன். ஆபீஸ் நண்பர் ஒருவர், கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கிற பிசினஸ் லேப்டாப்புகள் மொத்தமாக வரும், திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் மாதிரி, உடம்பு கெட்டியாக இருக்கும், ராமும் எஸ்எஸ்டியும் (ஃபைல்களைச் சேமிக்கிற டிரைவ்) பெரும்பாலும் மாற்றிக்கொள்ளலாம், அதை வாங்கு என்றார். அதுவும் நல்ல யோசனைதான். கோட்டை விட்டது கடைக்குள் போன பிறகு.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்து, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குள் நுழைந்தேன். (தெருவைக் குறை சொல்லவில்லை, அங்கே வருடக்கணக்காக நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். கடைப் பெயரையும் சொல்லப்போவதில்லை, கேட்காதீர்கள்.) மாடிப்படி ஏறினால் ஒரு சின்ன ரூம், சுவரோரம் லேப்டாப்புகள் புத்தகம் மாதிரி நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு பையன், 22 வயது இருக்கும், படு மரியாதை. டீ வேறு வந்தது. “எய்ட்த் ஜென் ஐ5 சார், 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி, வின்டோஸ் 11, ஆறு மாசம் வாரன்ட்டி” என்று ஒரு மெஷினை எடுத்து வைத்தான். (ஐ5 என்பது இன்டெல் ப்ராசஸரில் ஒரு ரகம், எய்ட்த் ஜென் என்றால் அதில் எட்டாம் தலைமுறை.) மூடிமேல் புத்தம் புதிதாகக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, கீறலே இல்லை. எப்படி இருக்கும், கீறல் எல்லாம் ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கிறதே.

இதில் வயிறு எரிகிற விஷயம், அவன் எதையும் மறைக்கவில்லை. சிஸ்டம் ப்ராபர்ட்டீஸைத் திறந்து என் முகத்துக்கு நேராகவே காட்டினான். இன்டெல் கோர் ஐ5-6300யு, 2.40 கிகாஹெர்ட்ஸ். நான் அந்த 2.40-ஐப் பார்த்துக்கொண்டிருந்தேன். “பாருங்க சார், 2.40 ஸ்பீடு. இப்ப வர்றதுல 1.60 தான் போடறான்” என்றான். நானும் ஏதோ விஷயம் தெரிந்தவன் மாதிரித் தலையை ஆட்டினேன்.

இப்போது தெரிகிறது. ஐ5-க்கு அடுத்த சின்னக் கோட்டுக்குப் பின்னால் வருகிற எண்ணில்தான் ஜாதகமே இருக்கிறது. 6300 என்றால் ஆறாம் தலைமுறை, 2015-ல் வந்த சரக்கு. 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 2017. 1035 என்றால் பத்து, 1135 என்றால் பதினொன்று. என்னுடையதில் இரண்டு கோர் (ப்ராசஸருக்குள் வேலை செய்கிற மூளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்), எட்டாம் தலைமுறை 8250-ல் நான்கு கோர். அந்த 8250-க்கு அடிப்படை வேகம் 1.60 என்று போட்டிருப்பது உண்மைதான், ஆனால் வேலை என்று வந்தால் என் 2.40-ஐ ஓரமாக உட்கார வைத்துவிடும். பையன் சொன்னதில் ஒரு எண்கூடப் பொய்யில்லை, “எய்ட்த் ஜென்” என்ற ஒரே வார்த்தையைத் தவிர.

23,000 சொன்னான், பேசி 21,500-க்கு முடித்தேன், ஜெயித்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு. பில் கேட்டதற்கு “ஜிஎஸ்டி பில் போட்டா 18 பர்சென்ட் கூட வரும் சார், உங்களுக்கு எதுக்கு, வாரன்ட்டிக்கு இந்தச் சீட்டே போதும்” என்று ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த ஒரு துண்டுத்தாளில் ‘லேப்டாப் – 1, 21,500’ என்று எழுதி, செல் நம்பர் மட்டும் உள்ள ரப்பர் ஸ்டாம்பைக் குத்திக் கொடுத்தான். கடைப் பெயர் இல்லை, மாடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. ஜிபே பண்ணினேன், பணம் போனது யாரோ ஒரு தனி ஆள் பெயருக்கு. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை டியூஷனில் கரண்ட் போனது. கடையில் இருந்தவரை சார்ஜர் மாட்டியபடியே காட்டியதால் பேட்டரியை நான் பார்க்கவே இல்லை. 35 நிமிடத்தில் லேப்டாப் கண்ணை மூடிக்கொண்டது, பிள்ளைகள் எல்லாம் “மிஸ் காணோம்” என்று குரூப்பில் போட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வாரமே ஸ்பேஸ் பாரும் மக்கர், வலது ஓரத்தில் அழுத்தினால் மட்டும் வேலை செய்யும்.

அண்ணன் மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தான், கம்ப்யூட்டர் படிக்கிறவன். கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி, ஒரு ஸ்பேஸ், ஒரு ஸ்லாஷ், சேர்த்து பேட்டரிரிப்போர்ட் என்று அடித்தான் (ஸ்பேஸுக்கு மூன்று தடவை குத்தினான்). ஒரு ரிப்போர்ட் வந்தது. டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் பிடித்த அளவு) 47,000 சொச்சம், ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது பிடிக்கிற அளவு) 14,000 சொச்சம். அதாவது முழுசாக ஏற்றினாலும் குடத்தில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கும். அடுத்து விண்டோஸ் ஒழுங்கானதா என்று பார்க்க எஸ்எல்எம்ஜிஆர், ஸ்பேஸ், ஸ்லாஷ், எக்ஸ்பிஆர். ஒழுங்கான விண்டோஸ் என்றால் ‘பெர்மனென்ட்லி ஆக்டிவேட்டட்’ என்று வரும். எனக்கு வால்யூம் ஆக்டிவேஷன் இன்ன தேதியில் முடிகிறது என்று வந்தது. கம்பெனிகளுக்கான ஆக்டிவேஷன் முறையை ஏதோ ஸ்கிரிப்ட் போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள், அது 180 நாள் கணக்கு. “சித்தப்பா, வாரன்ட்டியும் ஆறு மாசம், வின்டோஸும் ஆறு மாசம், கரெக்டா மேட்ச் பண்ணியிருக்காங்க” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதோடு விடவில்லை. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும், அதற்குக் கீழே உள்ளதில் சோதனையைத் தாண்டிக் குதித்துப் போட்டுத் தருகிறார்கள், அப்படிப் போட்டதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பழையபடி விண்டோஸ் 10-க்கே போகலாம் என்றால் அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. சரி, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் போடலாம் என்று பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறும் முன்பே வருகிற அடிப்படை செட்டிங்) போகப் பார்த்தான். பாஸ்வேர்டு கேட்டது. முன்பு வைத்திருந்த கம்பெனி போட்ட பூட்டு. எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு மெஷினில் வைத்து விண்டோஸை ஏற்றி மாட்டியிருப்பார்கள் என்றான்.

கடைக்குத் திரும்பப் போனேன். இந்தத் தடவை டீ இல்லை. முதலாளி இருந்தார். பேட்டரி கன்ஸ்யூமபிள், அதாவது தேய்ந்துபோகிற சாமான், வாரன்ட்டியில் வராது. கீபோர்டு ஃபிசிக்கல் டேமேஜ், வராது. விண்டோஸ் சாஃப்ட்வேர், வராது. அப்புறம் எதற்குத்தான் அந்த ஆறு மாசம் என்றால், போர்டு போனால் பார்ப்பார்களாம். எய்ட்த் ஜென் என்று சொன்னீர்களே என்றதும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “ஐ5 தானே சொன்னோம் சார், ஐ5 தானே இருக்கு? சீட்டுல எய்ட்த் ஜென்னு எங்க எழுதியிருக்கு?” என்றார். வேண்டுமானால் 12,000-க்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று வேறு பெரிய மனசு பண்ணினார். வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தேன். பொறுமையாகத்தான் கேட்டார்கள். முதல் கேள்வியே கடைப் பெயர், பில். என்னிடம் இருந்தது அந்தத் துண்டுச்சீட்டு. ஆனால் ஒரு விஷயம் அதற்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்கு பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே, பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணமும் கிடையாது. இதை அண்ணன் மகனோடு இன்னொரு தடவை போய்ச் சொன்னேன். பணம் வரவில்லை. சத்தம் கேட்டு இரண்டு கஸ்டமர்கள் படியிலேயே நின்றுவிட்டதால் ஒரு பேட்டரி மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள், எந்தக் கம்பெனி என்று பெயரே இல்லாத பேட்டரி, இரண்டு மணி நேரம் வருகிறது. வழக்குப் போட்டிருக்கலாம்தான். லீவு போட்டு அலைய எனக்குத் தெம்பில்லை, அதை நம்பித்தான் இந்த மாதிரிக் கடைகள் ஓடுகின்றன என்பதும் தெரிகிறது.

போன மாதம் மச்சானுக்கு ஒன்று வேண்டும் என்று மறுபடி அதே தெருவுக்குப் போனோம், இந்தத் தடவை வேறு கடைகள். முதல் கடையில் சார்ஜரைப் பிடுங்கி வைத்துவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸர் பெயரையும் கோர் எண்ணிக்கையையும் பார்த்தேன், எட்டாம் தலைமுறை, சரியாகத்தான் இருந்தது. பேட்டரி ரிப்போர்ட்டுக்கு கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்தேன், அவ்வளவுதான், கடைக்காரர் வந்து மூடியைச் சாத்தி “இது வேற கஸ்டமருக்கு எடுத்து வெச்சது சார்” என்று உள்ளே கொண்டுபோய்விட்டார். இரண்டாவது கடைக்காரர் “தாராளமா பாருங்க” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். பயாஸ் திறந்தது, விண்டோஸ் நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருந்தது, பேட்டரி முக்கால்வாசிக்கு மேல். நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு எழுத்தையும் அடித்துப் பார்த்தேன், ஸ்பேஸை இருபது தடவை. ப்ராசஸரின் முழு எண், ராம், எஸ்எஸ்டி, சீரியல் நம்பர் எல்லாம் எழுதி ஜிஎஸ்டி பில் கொடுத்தார். என்னுடையதைவிட 3,500 ரூபாய் கூட. மச்சான் வாயைத் திறக்காமல் கொடுத்தான்.

என் மெஷின் வீட்டில்தான் இருக்கிறது. பேட்டரி பிரச்சினை தீர்ந்தது, ஸ்பேஸ் பாருக்கு இன்னும் செலவு செய்யவில்லை. நேற்றுகூட மனைவி டியூஷன் குரூப்பில் போட்டிருந்தார்: “நாளைக்குகிளாஸ்கிடையாது”.