கலப்பினச் சிப்பியா, தேர்வு இனச் சிப்பியா?

சிப்பிப் பண்ணைக்கு எந்தக் குஞ்சு வாங்குவது என்று பலர் குழம்புகிறார்கள். வேறுபட்ட இரண்டு பரம்பரைகளைச் சேர்த்துப் பெறுவது கலப்பினம்; ஒவ்வொரு தலைமுறையிலும் நல்ல குணமுள்ளவற்றையே பெற்றோராகத் தேர்ந்தெடுத்து வளர்ப்பது தேர்வு இனம்.

வளர்ச்சி: கலப்பினம் பெரும்பாலும் முந்தும். சிப்பிகளில் தீங்கான ஒடுங்கு மரபணுக்கள் (இணையாக நல்ல மரபணு இருந்தால் வெளிப்படாதவை) மிக அதிகம். வேறுபட்ட இரண்டு பரம்பரைகளைச் சேர்த்தால், ஒன்றின் குறையை மற்றதன் நல்ல மரபணு மறைத்துவிடும். கலப்பின வீரியத்துக்கு, அதாவது குஞ்சுகள் பெற்றோரை விஞ்சி வளர்வதற்கு, இது முக்கியக் காரணம். தேர்வு இனம் தலைமுறை தலைமுறையாக, மெதுவாகத்தான் முன்னேறும்.

நிலைப்பு: தேர்வு இனத்தில் சேர்ந்த நல்ல குணம் அடுத்த தலைமுறைக்கும் போகும். கலப்பினத்திலிருந்தே குஞ்சு எடுத்தால் குணங்கள் சிதறும். அப்புறம் இன்னொன்று: பசிபிக் சிப்பியில் ஒரே தாய் கோடிக்கணக்கில் முட்டையிடும். அதை நம்பிச் சில பெற்றோரோடு நிறுத்தினால், உள்ளினக் கலப்பால் (நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே கலப்பதால்) தேர்வு இனமும் நலிந்துவிடும்.

செலவு: கலப்பினத்துக்கு இரண்டு பெற்றோர் பரம்பரைகளையும் தனித்தனியே பராமரிக்க வேண்டும்.

குஞ்சு வாங்கி வளர்த்து விற்பவருக்குக் கலப்பினம் சரி. சொந்தப் பொரிப்பகத்தில் நோய் தாங்கும் திறனை வளர்த்தெடுக்க நினைப்பவருக்குத் தேர்வு இனம்தான்.