கோப்ரா நகல் கார்: கட்டி, பல வருடம் ஓட்டி, மாற்றி மாற்றித் தேறிய அனுபவம்

இங்கிலாந்தில் ஏ.சி. கோப்ரா என்ற 1960-களின் ஸ்போர்ட்ஸ் காரின் நகல் ஒன்றைக் கிட்டாக, அதாவது நாமே கட்டிக்கொள்ளும் பாகங்களாக வாங்கி, வீட்டுக் கேரேஜிலேயே கட்டி, பதிவு செய்து, பல வருடமாக ஓட்டி வருகிறேன். கட்டுகிற கதையை எழுதுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் நம்பர் பிளேட் மாட்டிய அன்றோடு எழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள். இந்த மாதிரி வண்டியின் குணம் தெரியவருவதே அதற்கு அப்புறம்தான். கோடையில் டிராஃபிக்கில் மாட்டி நிற்கும்போதும், குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்துவிட்டு வெளியே எடுக்கும்போதும் அது தன் சுயரூபத்தைக் காட்டும். அதனால் கட்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, கட்டிய பின் மாற்றியதை விரிவாக எழுதுகிறேன்.

என் கருத்தை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். கோப்ராவை நகலெடுக்கிறவர் அதன் அழகோடு சேர்த்து, 1965-இல் அந்தக் காருக்கு இருந்த கோளாறுகளையும் காசு கொடுத்து வாங்குகிறார். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அசலை விட்டு இம்மியும் நகர வேண்டாம், தெரியாத இடத்தில் அசலைப் பற்றிக் கவலையே படவேண்டாம்.

அசல் எது என்று தெரியாதவர்களுக்கு: சர்ரேயில் தேம்ஸ் டிட்டனில் இருந்த ஏ.சி. கார்ஸ் 1953-இலிருந்து ஏஸ் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்துவந்தது. அதற்குள் அமெரிக்க வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினை வைக்கலாம் என்று அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் கேரல் ஷெல்பி யோசனை சொல்ல, 1962-இல் ஃபோர்டு எஞ்சினோடு கோப்ரா வந்தது. முதலில் 260 கன அங்குலம், அப்புறம் 289, 1965-இல் 427, அதாவது ஏழு லிட்டர். அந்த ராட்சச எஞ்சினுக்காக சேஸிஸ் (அடிச்சட்டம்) குழாயை மூன்று அங்குலத்திலிருந்து நாலு அங்குலமாக்கி, பட்டை ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு காயில் ஸ்பிரிங் வைத்து, பின் சக்கரத்துக்கு மேலே உடம்பைப் புடைக்க விட்டார்கள். நாங்கள் எல்லோரும் நகலெடுப்பது அந்தப் புடைத்த உடம்பைத்தான். எல்லா வகையும் சேர்த்து ஆயிரத்தை ஒட்டித்தான் செய்தார்கள். முதன்முதலில் செய்த கோப்ரா 2016-இல் கலிஃபோர்னியாவில் ஏலத்துக்கு வந்தபோது 1 கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல் போனது. அந்த உருவத்தின் மேல் ஆசை இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு நகலை விட்டால் வேறு வழி கிடையாது.

என்னுடையது ஃபைபர் பாடி, இரும்பு ஏணி சேஸிஸ், பழைய ஜாகுவார் எக்ஸ்.ஜே.6-இன் ஆக்ஸிலும் ஸ்டீயரிங்கும், ரேஞ்ச் ரோவரிலிருந்து கழற்றிய 3.9 லிட்டர் ரோவர் வி8. அந்த எஞ்சினே ஒரு அமெரிக்கப் பிள்ளைதான். பியூக் கைவிட்ட அலுமினிய வி8-இன் உரிமையை ரோவர் 1965-இல் வாங்கி, பல பத்தாண்டுகள் ஓட்டியது. அலுமினியம் என்பதால் எடை குறைவு, மூக்கு கனக்காது, உதிரி பாகம் இங்கே எங்கும் கிடைக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை, இதன் கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) தேயும் ரகம். நவீன கார்களுக்கான தண்ணியான எண்ணெயை ஊற்றாமல், துத்தநாகச் சேர்க்கை அதிகமுள்ள 20டபிள்யூ-50 போடுங்கள், அடிக்கடி மாற்றுங்கள்.

கட்டி முடித்ததும் நேராக ரோட்டுக்குப் போய்விட முடியாது. 2009-இலிருந்து ஐ.வி.ஏ என்ற, தனி வண்டிகளுக்கான அரசு அனுமதிப் பரிசோதனை இருக்கிறது. பரிசோதகர் வண்டியை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார். வெளியே துருத்தும் விளிம்பு எதுவும் 2.5 மி.மீ. ஆரத்துக்குக் குறையாமல் மழுங்கியிருக்க வேண்டும், சைலன்சர் சத்தம் 99 டெசிபலைத் தாண்டக் கூடாது, பிரேக் போட்டால் பின் சக்கரத்துக்கு முன்னாடி முன் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ள வேண்டும், வளைத்த ஸ்டீயரிங்கை விட்டால் தானாக நேர்ப்பக்கம் திரும்பி வர வேண்டும். பலருக்கு இந்தக் கடைசி விஷயத்தில்தான் தட்டுகிறது, ஏனென்றால் ஜாகுவார் ஹப்பை இலேசான வண்டியில் போடும்போது காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு போதாது. சக்கரத்தைப் பிடிக்கும் மேல் கையான விஷ்போனுக்கான ஷிம்மை (மெல்லிய இடைத்தகட்டை) மாற்றி அதை ஏற்றிக்கொள்ளலாம், பரிசோதனைக்காக மட்டுமல்ல, மோட்டர்வேயில் வண்டி நேராக ஓடவும் அது வேண்டும். கழற்றிய காரின் பதிவுப் பத்திரம், வாங்கிய ரசீது எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். ஒரே காரிலிருந்து இரண்டு முக்கிய பாகம் வந்ததாக நிரூபித்தால் அந்தக் காரின் வயதுக்கேற்ற எண் கிடைக்கும். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. ஆதாரம் இல்லையென்றால் கியூ என்று தொடங்கும் எண்தான், விற்கும்போது விலை இறங்கும்.

சரி, ஓட்டத் தொடங்கிய பின் வந்த கதைக்கு வருகிறேன். முதல் பிரச்சினை சூடு. கோப்ரா வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். அந்தக் காலத்தில் ரோட்டுக்கென்று விற்ற 427-களில் சைலன்சர் பெரும்பாலும் அடியில்தான் போனது. கதவுக்குக் கீழே பக்கவாட்டில் குழாய் ஓடியது பந்தய ரகத்தில். இன்றைக்கு நகல் செய்கிற எல்லோருக்கும் அந்தப் பக்கக் குழாய்தான் வேண்டும், எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது, அது இல்லாத கோப்ரா கோப்ராவாகத் தெரிவதில்லை. ஆனால் வண்டியிலிருந்து இறங்கும்போது கெண்டைக்கால் நேராகப் போய் அதில்தான் படும். ஓட்டுகிறவருக்குப் பழகிவிடும், கூட வருகிறவருக்குப் பழகாது. நான் செய்தது, குழாயிலிருந்து ஒரு விரல் தள்ளி நிற்கும்படி துளையிட்ட ஸ்டெயின்லெஸ் தகடு ஒன்றை முழு நீளத்துக்கும் மாட்டியது. தகடு குழாயை ஒட்டி இருந்தால் பிரயோஜனம் இல்லை, இடையில் காற்று ஓட வேண்டும். இருந்தும் அரைக்கால் சட்டையோடு வருகிறவரை ஏற்றுவதில்லை.

அதைவிட மோசம் கால் வைக்கிற பெட்டி. மேனிஃபோல்டின் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த் தொகுதியின்) நாலு குழாயும் பெடல் பெட்டிக்குப் பக்கத்திலேயே வளைந்து வெளியே போகின்றன. ஜூலை மாதம் அரை மணி நேரம் ஓட்டினால் ஷூ அடிப்பாகம் இளகுகிற அளவுக்குச் சூடு. எல்லோரும் முதலில் செய்கிற வேலை உள்ளே வெப்பத் தடுப்பு விரிப்பு ஒட்டுவது. அதனால் வருகிற பலன் சொற்பம், சூடு உள்ளே வந்து சேர்ந்த பிறகு தடுப்பதில் என்ன இருக்கிறது? எனக்குப் பலன் தந்தவை மூன்று. மேனிஃபோல்டைக் கழற்றி செராமிக் பூச்சு கொடுத்தது, விலை அதிகம், ஆனாலும் சந்தேகமே வேண்டாம். பெட்டியின் வெளிப்பக்கத்தில், எஞ்சின் பார்த்த சுவரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி அலுமினியத் தகடு நிறுத்தியது. மூன்றாவதுதான் பெரிய ஆச்சரியம், ஓட்டைகளை அடைத்தது. ஸ்டீயரிங் தண்டு உள்ளே வருகிற இடம், கிளட்ச் குழாய் வருகிற இடம், ஒயர் கட்டு வருகிற இடம், இவற்றையெல்லாம் கிட்டில் தாராளமாக வெட்டி விட்டிருந்தார்கள். வண்டி ஓடும்போது எஞ்சின் அறையில் அழுத்தம் ஏறி, அந்த வழியாக வெந்த காற்று நேராகக் காலுக்கு ஊதுகிறது. இரவில் உள்ளே டார்ச்சை வைத்து எஞ்சின் பக்கம் நின்று பார்த்தால் வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் தெரியும். முன் சக்கரத்துக்குப் பின்னால் உடம்பில் உள்ள பக்கத் துவாரங்களையும் பாருங்கள். சில கிட்டில் அவை அச்சில் வார்த்த வெறும் பள்ளங்கள், பின்னால் மூடியிருக்கும். வெட்டித் திறந்தால்தான் சூடு வெளியேற வழி. குழாய்க்குத் துணிப்பட்டை சுற்றுகிறவர்களும் உண்டு, நான் சுற்றவில்லை. இந்த ஊர் ஈரத்தில் பட்டை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு இரும்புக் குழாயைத் தின்றுவிடும்.

ரேடியேட்டர் விஷயமும் இதே மாதிரி காற்று விவகாரம்தான். பெரிய ரேடியேட்டர் வாங்கு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மூக்கில் அவ்வளவு பெரிய வாய் இருந்தும் ஏன் சூடேற வேண்டும் என்று பார்த்தால், உள்ளே நுழைகிற காற்றில் பாதி ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போகிறது. காற்றுக்குச் சுலபமான வழி இருக்கும்போது நெருக்கமான இதழ்களுக்குள் அது ஏன் புகும்? வாயின் ஓரத்திலிருந்து ரேடியேட்டர் ஓரம் வரை நாலு பக்கமும் அலுமினியத் தகட்டால் மூடி, ஓரங்களுக்கு ரப்பர் வைத்தேன். ரேடியேட்டர் எஞ்சினைவிடத் தாழ்வாக இருப்பதால் காற்றுக் குமிழ் மேலே மாட்டிக்கொள்ளும், அதற்காகத் தண்ணீர்த் தொட்டியை எல்லாவற்றுக்கும் உயரத்தில் ஏற்றினேன். பழைய ரேடியேட்டரே இன்றுவரை போதுமாக இருக்கிறது, லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 மோட்டர்வேயில் நின்று நகர்கிற நாட்களிலும் வெப்ப முள் அசைவதில்லை.

ஒயரிங்கில் ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சாதாரணக் காரில் இரும்பு உடம்பே எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் மீட்டருக்கும் தனித்தனியாக எர்த் ஒயர் இழுத்து சேஸிஸில் பெயிண்டைச் சுரண்டிய இடத்தில் இறுக்க வேண்டும். இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள் கூடச் சேர்ந்து ஆடுகிறதென்றால் மீட்டரில் கோளாறு இல்லை, எர்த்தில்தான் கோளாறு. இந்த வண்டிகளில் வருகிற மின் கோளாறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் முடியும்.

ஜாகுவாரின் பின் ஆக்ஸிலை நான் நேசிக்கிறேன், அதைச் சொல்லிவிட்டே குறையைச் சொல்கிறேன். உறுதி, அழகு, இரண்டிலும் அதற்கு ஈடில்லை. ஆனால் எக்ஸ்.ஜே.6-இல் பின் பிரேக் டிஸ்க் சக்கரத்தில் இல்லை, நடுவில் டிஃபரன்ஷியலை (இரு பின் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் பெட்டியை) ஒட்டி இருக்கிறது. டிஸ்க் கொதித்தால் பக்கத்தில் இருக்கிற ஆயில் சீல் வேகும், வெந்த சீல் கசியும், கசிந்த எண்ணெய் டிஸ்க்கில் படும். பிரேக் பேட் மாற்றவும் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். வெப்பம் தாங்குகிற சீல் போட்டு, அடியிலிருந்து காற்றை அள்ளி டிஸ்க்குக்கு அனுப்புகிற சின்னக் குழாய் இரண்டு வைத்த பிறகு கசிவு நின்றது. இப்போதுதான் கட்டத் தொடங்குகிறவர் அதற்கு அடுத்த தலைமுறை ஜாகுவாரான எக்ஸ்.ஜே.40-இன் ஆக்ஸிலைத் தேடட்டும், அதில் டிஸ்க் வெளியே, சக்கரத்திலேயே இருக்கிறது. என் வண்டியின் பிரேக்குக்கு சர்வோ (மிதிக்கும் விசையைக் கூட்டிக்கொடுக்கும் கருவி) கிடையாது, அதனால் பேட் தேர்வு முக்கியம். பந்தய பேட் சூடாகாமல் பிடிக்காது, ரோட்டுக்கு ஆகாது. மின்டெக்ஸ் 1144 குளிரிலும் முதல் மிதியிலேயே பிடிக்கிறது, அதையே திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

ஸ்பிரிங்கை மென்மையாக்கியதும் டயர்க் காற்றைக் குறைத்ததும் ஓட்டத்தையே மாற்றிவிட்டன. சாதாரணக் கார் கணக்கில் 32 பவுண்டு அடித்தால் இந்த எடைக்கு டயர் நடுப்பகுதி மட்டுமே தரையைத் தொடும். 24 பக்கம் இறக்கியதும் பின்பக்கம் துள்ளுவது குறைந்து, நனைந்த ரவுண்டானாவில் நம்பிக்கை வந்தது. டயர் பற்றி இன்னொன்று. இந்த வண்டிகள் வருடத்துக்குக் கொஞ்ச தூரம்தான் ஓடுகின்றன, பள்ளம் தேயவே தேயாது, ஆனால் ரப்பர் கெட்டியாகிவிடும். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும், 2311 என்றால் 2011-இன் 23-ஆவது வாரம். நகத்தால் அழுத்தினால் தடம் பதியாத டயரில், பின் சக்கர வி8 வண்டியை மழையில் ஓட்டாதீர்கள். 15 அங்குலத்தில் அகலமான நல்ல டயர் கிடைப்பது குறைந்துகொண்டே வருவது எனக்கு உண்மையிலேயே கவலை. 17 அங்குலத்துக்கு மாறினால் தேர்வு அதிகம், ஆனால் உருவம் கெட்டுவிடும், அதனால் மாறமாட்டேன்.

2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் ஈ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாயை எத்தனால் அரித்துவிடும், எத்தனாலைத் தாங்குகிற, ஆர்9 என்று அச்சிட்ட குழாயாக எல்லாவற்றையும் மாற்றினேன், எத்தனால் குறைவான ஈ5 வருகிற சூப்பர் பெட்ரோல்தான் போடுகிறேன். எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினால் கிளம்பாத தொல்லை ஒன்று இருந்தது. கீழிருந்து ஏறுகிற சூட்டில் எடல்ப்ராக் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் கொதித்துவிடுகிறது. எல்லோரும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறச் சொன்னார்கள். கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் கடத்தாத ஃபீனாலிக் பலகை ஒன்று வைத்தேன், சரியாகிவிட்டது.

சக்தி கூட்டவே இல்லையா என்று கேட்பார்கள். இல்லை. ரேஞ்ச் ரோவரில் 180 குதிரைத்திறனை ஒட்டி இருந்த எஞ்சின், அதில் பாதியளவு எடையுள்ள வண்டியை இழுக்கும்போது அதுவே தாராளம். பெரிய எஞ்சின் வைத்தவர்களுக்கும் நான் மேலே சொன்ன சூடு, பிரேக், டயர் எல்லாம் அப்படியே இருக்கிறது, இன்னும் அதிகமாகவே இருக்கிறது.

கட்ட நேரமில்லாமல் யாரோ கட்டியதை வாங்குகிறவர்களுக்கு: பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து மயங்காமல் எஞ்சின் மூடியின் கீல் அருகே நட்சத்திரம் போல மெல்லிய வெடிப்பு இருக்கிறதா பாருங்கள், அது அடியில் பெரிய வாஷர் வைக்காமல் போல்ட்டை இறுக்கியதன் விளைவு. ஹெட்லைட், ஃபேன், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு முட்களைக் கவனியுங்கள். டயர் இலக்கத்தைப் படியுங்கள். பதிவுப் பத்திரத்தில் வண்டியின் பெயராக எழுதியிருப்பதும் முன்னால் நிற்கிற வண்டியும் ஒன்றுதானா என்று பாருங்கள். முதல் மூன்றுக்கும் விலையில் பேசிக் குறைத்துக்கொள்ளலாம். பத்திரம் பொருந்தவில்லையென்றால் விலை பேசவே வேண்டாம், வந்துவிடுங்கள்.