வேக்குவம் கிளீனர் விற்க வீட்டுக்கு வருபவர்கள் குறித்து ஓர் எச்சரிக்கை

சென்ற ஆவணி மாதம், கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்து 1,24,000 ரூபாய்க்கு நான் வாங்கிய வேக்குவம் கிளீனர் புதியது அன்று. தேவகோட்டையில் இருக்கும் என் சின்னாத்தா (அம்மாவின் தங்கை) வீட்டில் மூன்று ஆண்டுகள் ஓடிய பிறகு, மேலோட்டை மாற்றிப் புதிதென்று எங்களிடம் விற்கப்பட்ட இயந்திரம் அது. புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் வரும் விதம், விலை சொல்லும் விதம், பழையதை வாங்கி மறுபடி விற்கும் விதம் ஆகியவற்றை நம் பக்கத்து ஊர்களில் இருப்பவர்கள் தெரிந்துகொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.

காரைக்குடியில் நடந்த வீட்டு உபயோகப் பொருள் கண்காட்சி ஒன்றில் என் மனைவி பரிசுக் கூப்பன் ஒன்றை நிரப்பிப் போட்டிருந்தார். இரண்டு வாரம் கழித்து, பரிசு விழுந்திருப்பதாகவும் அதை வீட்டுக்கே வந்து தருவதாகவும் தொலைபேசியில் சொன்னார்கள். பரிசு ஒரு பிளாஸ்டிக் டப்பாத் தொகுப்பு. அதைக் கொடுத்துவிட்டு, 'பத்து நிமிஷம் ஒரு டெமோ' என்று இரண்டு இளைஞர்கள் முகப்பில் உட்கார்ந்தார்கள். எழுந்து போகும்போது மணி இரவு ஒன்பதைத் தாண்டியிருந்தது. 2021 டிசம்பர் 28 அன்று வெளியிடப்பட்ட நேரடி விற்பனை விதிகளின்படி, வீட்டுக்கு வரும் விற்பனையாளர் அடையாள அட்டையுடன், முன் அனுமதி பெற்றுத்தான் வர வேண்டும். பேச்சைத் தொடங்கும்போதே தாம் யார், எந்த நிறுவனம், என்ன விற்க வந்திருக்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பரிசு தர வருகிறோம் என்று சொல்லிப் பெறுகிற சம்மதம் விற்பனைக்குப் பெற்ற சம்மதம் ஆகாது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அது தண்ணீரில் தூசியைப் பிடிக்கும் வகை இயந்திரம். என் ஆத்தாவின் (அம்மாவின்) படுக்கையில் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு, கண்ணாடித் தொட்டியில் கறுத்துப்போயிருந்த தண்ணீரைக் காட்டி, "ஆச்சி, இத்தனை நாளா இதைத்தான் மூச்சுல இழுத்துக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றார் ஒருவர். எண்பதைத் தாண்டிய, இரவில் இழுப்பு வரும் ஒருவரிடம் இப்படிச் சொன்னால் அதற்கு மேல் பேரம் என்ன இருக்கிறது? பஞ்சு மெத்தை எதுவாக இருந்தாலும், நாலாயிரம் ரூபாய் இயந்திரத்தை வைத்து இழுத்தாலும் தூசி வரத்தான் செய்யும். தண்ணீர் பெரிய தூசியைத்தான் நன்றாகப் பிடிக்கும்; மூச்சுக்குக் கெடுதலான நுண்தூசியில் ஒரு பகுதி காற்றுக் குமிழிகளோடு வெளியேறிவிடும் என்பதால்தான் இத்தகைய இயந்திரங்களில் பின்னால் தனியாக ஹெப்பா வடிகட்டி வைக்கிறார்கள். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் என்று அவர்கள் சொன்ன கணக்கு அந்த வடிகட்டிக்கு உரியது. அதே வடிகட்டி கடைகளில் பத்தில் ஒரு பங்கு விலைக்கு விற்கும் இயந்திரங்களிலும் உண்டு.

'2,000 வாட்' என்பதை மற்றொருவர் நான்கு முறையாவது சொல்லியிருப்பார். வாட் என்பது இயந்திரம் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் அளவே தவிர உறிஞ்சும் திறனின் அளவு அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் முதல் 900 வாட்டுக்கு மேற்பட்ட வேக்குவம் கிளீனர்களைச் சந்தைக்குக் கொண்டுவரவே தடை இருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர்கள் பெருமையாகக் காட்டிய, சுழன்று தட்டும் பிரஷ் கம்பள விரிப்புகளுக்காக உண்டானது. நம் வீடுகளில் கம்பளம் எங்கே இருக்கிறது? வளவில் ஆத்தங்குடிக் கல்லும் பட்டாலையில் பளிங்கும் கிடக்கிற வீட்டுக்குத் துடைப்பமும் ஈரத்துணியும் போதும். அவர்கள் 'ஷாம்பு வாஷ்' செய்து காட்டிய இடத்தில், சூளையில் சுடாமல் தண்ணீரில் பதப்படுத்திய அந்தச் சிமெண்ட் கல்லில் முழ அகலத்துக்கு வெளுப்பு விழுந்தது. தேங்காய் எண்ணெய் போட்டு எத்தனை முறை தேய்த்தும் அது இன்னும் முழுதாகப் போகவில்லை.

விலையை அவர்கள் முதல் இரண்டு மணி நேரம் சொல்லவே இல்லை. கடைசியில் 1,65,000 என்றார்கள். நான் எழுந்ததும், பழைய கிளீனர் எது இருந்தாலும், ஓடாவிட்டாலும், 15,000 கழிப்பதாகச் சொன்னார்கள். பிறகு ஒருவர் முற்றத்துக்குப் போய், எங்களுக்குக் கேட்கும்படியாக மேலாளரிடம் தொலைபேசியில் மன்றாடினார். திரும்பி வந்து, "அண்ணே, இன்னைக்கு ராத்திரி மட்டும் 1,24,000" என்றார். ஒரே மாலையில் 41,000 ரூபாய் குறைகிற பொருளுக்கு உண்மையான விலை என்று ஒன்று இருக்க முடியாது என்பது, நாற்பது ஆண்டுகள் கணக்கு எழுதிய எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அட்டைப்பெட்டியும் வரவில்லை, சோதித்துக் கொண்டுவருவதற்காகப் பிரித்துவிட்டோம் என்று துணிப்பையில் கொடுத்தார்கள். பெட்டி இல்லாததால், அதன்மீது அச்சிட்டிருக்க வேண்டிய அதிகபட்ச சில்லறை விலையையும் நாங்கள் பார்க்கவில்லை.

ரசீது மறுநாள் மின்னஞ்சலில் வந்தது. அதில் இயந்திரத்துக்கு 58,000, துணைக்கருவிகளுக்கு 31,000, ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு 35,000 என்று மூன்றாகப் பிரித்திருந்தார்கள். கூட்டுத்தொகை சரியாக இருந்ததால் நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் 'எப்போது வேண்டுமானாலும் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வோம்' என்று அவர்கள் வாயால் சொன்னது 58,000-இல் பாதியைத்தான் குறிக்கும் என்பது அந்தப் பிரிவினையில்தான் ஒளிந்திருந்தது. அதிலும் தேய்மானம் கழித்து எனக்குச் சொன்ன தொகை 14,000. ஒரு வருடம்கூட ஆகாத அதே மாடலை, வாங்கி ஏமாந்தவர்கள் பழைய பொருள் விற்கும் செயலிகளில் 22,000, 25,000 என்று போட்டிருக்கிறார்கள். உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் என்று நிறுவனம் சொல்வதால் அந்த விலைக்கும் ஆள் வருவதில்லை.

புறப்படும் முன் உறவினர் பத்துப் பேரின் எண்களைக் கேட்டார்கள். அண்ணனின் சாந்திக்கு (அறுபதாம் கல்யாணத்துக்கு) அழைப்பு அனுப்ப ஆத்தா வைத்திருந்த நோட்டை அப்படியே படம் எடுத்துக்கொண்டார்கள். 'கானாடுகாத்தான் ஆச்சியே வாங்கியிருக்கிறார்' என்று சொல்லிப் பள்ளத்தூரிலும் கோனாபட்டிலும் எங்கள் பங்காளி வீடுகள் மூன்றில் விற்றிருக்கிறார்கள். எனக்குப் பணம் போனதைவிட இதுதான் அதிகமாகச் சுடுகிறது.

தை மாதம் சாந்திக்காக வீட்டைச் சுத்தம் செய்தபோது உறிஞ்சும் வேகம் குறைந்ததால், அடைப்பு இருக்கிறதா என்று எஃகுக் குழாய்களைக் கழற்றினேன். ஒரு குழாய் மற்றொன்றுக்குள் செருகி மறைகிற இடத்தில் புள்ளி புள்ளியாக மூன்று எழுத்துகள் வெட்டியிருந்தன. நம் வீடுகளில் குத்துவிளக்கு முதல் கரண்டி வரை விலாசம் (குடும்பத்தின் முதலெழுத்துகள்) வெட்டி வைப்பது பழக்கம். விசேஷத்துக்கு இரவல் போகிற பொருள் வீடு மாறிவிடக் கூடாது என்பதற்காகச் செய்வது. அந்த எழுத்துகளைப் பார்த்ததும் ஆத்தா, "இது தங்கச்சி வீட்டு விலாசம்ல" என்றார். பாத்திரத்துக்குப் பெயர் வெட்ட வந்தவரிடம் இதையும் கொடுத்ததாகவும், வெளியே தெரிந்தால் அழகு கெடும் என்று உள்ளே மறைகிற முனையில் வெட்டச் சொன்னதாகவும் சின்னாத்தா தொலைபேசியில் சொன்னார். அவர் அந்த இயந்திரத்தை 1,10,000-க்கு வாங்கி, சென்ற ஆண்டு 12,000 கழிவுக்குக் கொடுத்துவிட்டுப் புது மாடல் எடுத்திருக்கிறார்.

குழாய் மட்டும் கிடங்கில் மாறியிருக்கும் என்று உள்ளூர் முகவர் சாதித்தார். சின்னாத்தா இரும்புப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த பழைய உத்தரவாத அட்டையை எடுத்து வந்தோம். வெளியே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் எங்கள் அட்டையின் எண் இருந்தது. மோட்டாரின் அடித்தட்டில் பொறித்திருந்ததோ சின்னாத்தாவின் அட்டையில் இருந்த எண். இதற்குப் பிறகு முகவர் பேசவில்லை. முகவர்கள் தங்கள் ஊழியர்கள் அல்லர் என்றும், அவர்கள் செய்வதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றும் நிறுவனத்திலிருந்து ஒரு வரி பதில் வந்தது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன். பிறகு சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை; 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம்; குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். இயந்திரத்தைச் 'சரிபார்க்க' எடுத்துச் செல்கிறோம் என்று இருமுறை ஆள் அனுப்பினார்கள். அதைக் கொடுத்தால் சாட்சி போய்விடும் என்று வழக்கறிஞர் சொன்னதால், இரண்டாங்கட்டு அறையில் வேட்டி சுற்றிப் பூட்டி வைத்திருக்கிறோம்.

தண்ணீர்த் தொட்டி வைத்த இயந்திரத்தை அண்மையில் வீட்டில் வந்து விற்றிருந்தால், அதைத் தலைகீழாகக் கவிழ்த்து மோட்டார்த் தட்டில் உள்ள எண்ணை உங்கள் உத்தரவாத அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பள்ளத்தூர்ப் பங்காளி வீட்டில் நேற்று அப்படிப் பார்த்தோம். அங்கேயும் எண் பொருந்தவில்லை. அது யார் வீட்டு இயந்திரம் என்று இன்னும் தெரியவில்லை.