கெம்பர் வானில் ஒழுகும் தண்ணீர் மூட்டு: டேப்பா, கிளிப்பா, வெட்டிச் செருகுவதா?

கிழக்கிலங்கையின் உகந்தையில் வானை நிறுத்திப் படுத்த இரவு, ஒன்றரை மணியளவில் தண்ணீர்ப் பம்ப் தானாக இயங்கியது. இரண்டு விநாடி ‘கிர்’ என்ற சத்தம், பிறகு அமைதி. கால்மணி நேரம் கழித்து மறுபடியும் அதே சத்தம். யாரும் குழாயைத் திறக்கவில்லை. அம்மாதான் முதலில் எழுந்து உட்கார்ந்தார். “எங்கேயோ தண்ணீர் போகிறது மகன்” என்றார்.

கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் காட்டுக்குள் இறங்குவதற்கு முன் உகந்தையில் தங்குவார்கள். எங்கள் ஊரிலிருந்து நடந்து வந்தவர்களுக்குக் குடிதண்ணீரும், முழங்கால் வலியுள்ள அம்மாவுக்குப் படுக்கையும் வேண்டும் என்றுதான் பழைய டொல்பின் வானைக் கல்லடியில் வைத்து நாங்களே கெம்பர் வானாக மாற்றினோம். தாங்கியில் அறுபது லீற்றர் தண்ணீர். கல்லடியிலிருந்து பொத்துவில்வரை நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. அவ்வளவு தூரமும் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. பாணமைக்கு அப்பால் உள்ள கிரவல் பாதையின் அதிர்வுதான் மூட்டைத் தளர்த்தியது.

விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் பெரிய விடயமில்லை என்று நினைக்கத் தோன்றும். இருபது சொட்டு ஒரு மில்லிலீற்றர் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள், ஒரு நாளைக்கு நாலு லீற்றருக்கு மேல் போய்விடும். அந்தத் தண்ணீர் பிளைவூட் தளத்துக்கு அடியில், வயர்கள் ஓடும் இடத்தில் போய்த் தேங்கும். வீட்டில் ஒழுகினால் வாளி வைக்கலாம், வானில் அதற்கு இடமில்லை.

பம்ப் சத்தம் ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த 12 வோல்ட் பம்புகள் குழாய்க்குள் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். குழாயைத் திறந்தால் அழுத்தம் குறையும், உள்ளே உள்ள சுவிட்ச் பம்பை இயக்கும். யாரும் திறக்காமலே பம்ப் இயங்கினால் எங்கேயோ கசிகிறது என்று பொருள். சில வேளை பம்பின் உள் வால்வே தேய்ந்து, தண்ணீர் தாங்கிக்குத் திரும்புவதும் உண்டு. அப்போது வெளியே ஈரமே இருக்காது. எங்கள் வானில் ஈரம் இருந்தது. ஆனால் துளி விழும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. தண்ணீர் குழாயைப் பற்றிக்கொண்டு ஓடி, தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும். ஒவ்வொரு மூட்டையும் துணியால் துடைத்து, டிஷ்யூ துண்டைச் சுற்றிவிட்டுக் காத்திருந்தோம். பத்து நிமிடத்தில் பம்புக்கு அடுத்த எல்போவில் (வளைவு மூட்டில்) சுற்றிய துண்டு மட்டும் நனைந்து கறுத்தது.

அந்த இரவில் நான் செய்த தவறு, கையில் இருந்த, குழாய்ப் புரிகளில் சுற்றும் வெள்ளை டேப்பை எடுத்துச் சுற்றியது. மூட்டின் வெளிநட்டைக் கழற்றிப் புரியில் ஆறு சுற்றுச் சுற்றி இறுக்கினேன். ஒழுக்கு நிற்கவில்லை. காலையில் பொத்துவிலுக்குத் திரும்பி ஒரு ஹார்ட்வெயார் கடையில் அந்த மூட்டைக் காட்டினேன். கடைக்காரக் காக்கா அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது புரியில் தண்ணீர் அடைக்கிற மூட்டு இல்லை. டேப் வாங்காதீர்கள். குழாய் வெட்ட ஒரு புது பிளேட் வாங்கிக்கொண்டு போங்கள்” என்றார். இந்த அலசல் முழுவதும் அந்த ஒரு சொல்லிலிருந்துதான் வருகிறது. மூட்டு எந்த இடத்தில் தண்ணீரைத் தடுக்கிறதோ, மருந்து அந்த இடத்தில்தான் போட வேண்டும்.

வெள்ளை டேப் நல்ல பொருள். வால்வ் சொக்கெட், டப், பித்தளை நிப்பிள் போன்று புரியே புரியைக் கவ்வி அடைக்கும் இடங்களில் அதைவிட மலிவான, நம்பகமான தீர்வு இல்லை. புரியின் வாய் உங்களைப் பார்த்திருக்க, மணிக்கூட்டு முள் ஓடும் திசையில் இழுத்துச் சுற்ற வேண்டும். மாறிச் சுற்றினால் முறுக்கும்போது சுருண்டு வெளியே வந்துவிடும். மெல்லிய டேப் என்றால் நாலைந்து சுற்று. பிளாஸ்டிக் பெண்புரிக்குள் இரும்புப் புரியைத் திருகும்போது கூடுதலாகச் சுற்றி, ஸ்பெனரால் பலமாக இறுக்கினால் சொக்கெட் வெடிக்கும். அந்த வெடிப்பு உடனே தெரியாது, நாலு நாள் கழித்து வெயிலில் நிற்கும்போது திறக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் சில பம்புகளின் வாயில் அமெரிக்கப் புரி இருக்கும். அரை அங்குலத்தில் நம் நாட்டுப் புரிக்கும் அதற்கும் அங்குலத்துக்கு 14 பற்கள்தான், ஆனால் பல்லின் கோணம் இங்கே 55 பாகை, அங்கே 60. கையால் சுகமாக ஏறும், கடைசிச் சுற்றில் ஒழுகும். அதற்கு டேப்பை மேலும் மேலும் சுற்றுவது பயனில்லை, பொருத்தமான மாற்றுத் துண்டு வேண்டும்.

எங்கள் எல்போ அழுத்திச் செருகும் வகை. உள்ளே ஓர் இறப்பர் வளையம் தண்ணீரைத் தடுக்கிறது, எஃகுப் பற்கள் குழாயைப் பிடித்துக்கொள்கின்றன. வெளியே தெரியும் புரி வெறும் மூடிக்குத்தான். ஆகவே ஒழுகினால் குற்றம் பெரும்பாலும் குழாயின் முனையில் இருக்கும். சரிவாக வெட்டுப்பட்டிருக்கும், கீறல் விழுந்திருக்கும், அல்லது வளையத்தில் ஒரு மணற்பரல் சிக்கியிருக்கும். எங்கள் கரையோரக் கிணறுகளில் அள்ளும் தண்ணீரில் பொடி மணல் வருவது சாதாரணம். பம்புக்கு முன்னால் வடிகட்டி இல்லையென்றால் அது நேரே வளையத்தில் போய் உட்காரும். நான் கழற்றிப் பார்த்தபோது குழாயின் முனை வாள்பிளேட்டால் அறுத்தது போலச் சொரசொரப்பாக இருந்தது. அதன்மேல் பற்கள் பதிந்த வெள்ளைக் கோடும், அதற்கு நடுவே நகத்தால் தடவினால் அகப்படும் ஒரு நீளக் கீறலும் தெரிந்தன. தண்ணீர் அந்தக் கீறல் வழியாகத்தான் வந்தது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பம்பின் மின்சாரத்தை நிறுத்தி, குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றி, மூட்டின் வாயிலுள்ள வளையத்தை அமுக்கிப் பிடித்துக் குழாயை இழுக்க வேண்டும். பழுதான இரண்டு சென்ரிமீற்றரைப் புது பிளேட்டால் நேராக வெட்டி, ஓரத்தை மழுக்கி, தண்ணீரில் நனைத்து, தட்டும்வரை உள்ளே தள்ளி, பிறகு இழுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய், வாசலின் எதுவும் பூசாதீர்கள். சில வகை இறப்பர் அவற்றால் ஊதிப் பருத்துவிடும். காசு பிளேட்டுக்கு மட்டும்தான் போனது.

இந்த முறையின் குறை, கிழக்கில் உதிரிப்பாகம் எளிதில் கிடைக்காததுதான். கெம்பர் வான்கள் பலவற்றில் வரும் குழாய் 12 மில்லிமீற்றர். இங்கே கடைகளில் அரை அங்குலத்துக்கான செருகு மூட்டு கிடைத்தால் “இரண்டும் ஒன்றுதான்” என்று தருவார்கள். ஒன்றல்ல, அது 12.7. அந்த 0.7 மில்லிமீற்றர் இடைவெளியில் வளையம் அழுந்தாது. தண்ணீர் வடிகட்டிக் கடைகளில் கிடைக்கும் சின்ன மூட்டுகளும் இதே வகைதான், ஆனால் அவை கால் அங்குலம். அளவு கருவியால் அளந்து வாங்க வேண்டும், கண்ணால் அல்ல.

அடுத்த போட்டியாளர் வலைபோட்ட பிளாஸ்டிக் குழாயும் கிளிப்பும். இதற்கு எந்த ஊரிலும் பொருள் கிடைக்கும், திருகாணி முறுக்கி ஒன்று போதும். குழாய் நுனியைச் சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் வைத்தால் நிப்பிளில் இலகுவாக ஏறும். அதிர்வை இதுபோல் தாங்கும் மூட்டு வேறில்லை. ஆனால் எங்கள் கடற்கரையில் இதற்கு இரண்டு எதிரிகள். ஒன்று உப்புக்காற்று. கிளிப்பின் பட்டை மின்னும், திருகு மட்டும் துருப்பிடித்துச் சிவந்துவிடும். வாங்கும்போது திருகிலும் பட்டையிலும் காந்தம் பலமாகப் பிடிக்காததைத் தேடி எடுங்கள். மற்றது வெயில். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மூடிய வானுக்குள் இந்தக் குழாய் இளகிவிடும். கிளிப் இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் குழாய் அதற்குக் கீழே தளர்ந்திருக்கும். ஆகவே பூட்டி நூறு கிலோமீற்றர் ஓடியபின் ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயை இதற்குப் பாவிக்க வேண்டாம், சூடேறினால் குடிதண்ணீரில் மணம் இறங்கும்.

பிவிசி குழாயைக் கம் போட்டு ஒட்டுவதை நான் வானுக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். வீட்டுச் சுவரில் அது அருமையான வேலை. ஓடும் வண்டியில் விறைத்த குழாய் ஒவ்வொரு குழியிலும் மூட்டைத்தான் இழுக்கும், உடைந்தால் கழற்றவும் முடியாது. பிசைந்து ஒட்டும் எபொக்சியும் அப்படித்தான். செருகு மூட்டுகளின் பிளாஸ்டிக் அதைப் பிடிக்காது. சைக்கிள் டியூப் பட்டையை இழுத்துச் சுற்றுவது நேரான குழாயில் விழுந்த வெடிப்புக்கு ஊர் போய்ச் சேரும்வரை உதவும். எல்போவின் வளைவில் அது நிற்காது. டியூப் பட்டை ஒன்றை மட்டும் இன்னும் வானில் வைத்திருக்கிறேன்.

செருகு மூட்டையும் கிளிப்பையும் நேருக்கு நேர் நிறுத்தினால், நீண்ட ஓட்டத்துக்கும் கைக்கு எட்டாத மூலைகளுக்கும் செருகு மூட்டுதான் என் தேர்வு. நேராக வெட்டிப் பூட்டினால் பிறகு அதை இறுக்கத் தேவையில்லை. ஆனால் பம்பின் வாயில் அதை வைக்கக்கூடாது. பம்ப் துடிக்கும், அந்தத் துடிப்புத்தான் என் எல்போவைத் தின்றது, கிரவல் பாதை மிச்சத்தைச் செய்தது. பம்பின் இருபுறமும் ஒன்றரை அடிக்குக் குறையாமல் இளக்கமான குழாய் விட்டு, கிளிப் போட்டு, அதற்கப்பால் செருகு மூட்டைத் தொடங்க வேண்டும்.

கல்லடி திரும்பியதும் அப்படியே மாற்றினேன். 12 மில்லிமீற்றர் குழாயில் ஒரு மீற்றரும், இரண்டு நேர் மூட்டும், ஒரு எல்போவும் கொழும்பிலிருந்து வரவழைத்து, பிளேட்டுடன் சேர்த்து ஒரு பிஸ்கட் டின்னில் ஆசனத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். அம்மாவின் தலைமாட்டிலுள்ள மூட்டுக்குக் கீழே இன்னமும் ஒரு டிஷ்யூத் துண்டு கிடக்கிறது. காலையில் கண் விழித்ததும் முதலில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர் எழும்புகிறார்.