பழகின கடைதானே என்று போனோம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது எங்களுக்கு ரொம்பப் பிடித்த ஹோட்டல். எட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு அங்கேதான். போய் உட்கார்ந்தால் ஜன்னலோர மேஜைக்குக் கேட்காமலேயே தண்ணீர் வந்துவிடும். என் பையன் தத்தித் தத்தி நடந்து பழகியதில் பாதி அந்த மேஜைகளுக்கு நடுவில். பெயரைப் போடுங்கள் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ஏன் போட முடியவில்லை என்பதையும் சொல்கிறேன்.

இரண்டு மாதம் முன்பு சனி, ஞாயிறு காலைகளில் பஃபே என்று மாற்றினார்கள். "இனிமே ஆர்டர் குடுத்துட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டாம் சார்" என்றார் முதலாளி. எங்களுக்கும் சந்தோஷம்தான். அந்த அரை மணி நேரம் காத்திருந்தால்தான் நமக்கென்று அடுப்பில் ஏதோ வேகிறது என்று அர்த்தம். அது அப்போது உறைக்கவில்லை.

போன ஞாயிறு கிளம்பவே தாமதமாகி, போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். ஐந்து தட்டங்கள் வரிசையாக இருந்தன. அடியில் வெந்நீர், அதற்கும் அடியில் சின்னத் தீ என்ற ஏற்பாடு. இரண்டு தட்டங்களுக்குக் கீழே தீ அணைந்திருந்தது. பார்த்தேன். பார்த்தும் தட்டை நீட்டினேன். ஃப்ரைட் ரைஸ் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. பரிமாறுகிற பையனிடம் "தம்பி, ஆறிப்போச்சுப்பா" என்றேன். உள்ளே போய் ஒரு பாத்திரத்தோடு வந்து, மிச்சமிருந்த பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதைக் கொட்டிக் கரண்டியால் ஒரு புரட்டுப் புரட்டினான். ஆவி பறந்தது. எனக்குத் திருப்தியாகிவிட்டது. பையன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். என் மனைவி மட்டும் முட்டையும் பழமும் போதும் என்று சோற்றுப் பக்கமே போகவில்லை.

பகல் ஒன்றரைக்குப் பையன் வாந்தி எடுத்தான். இரண்டு மணிக்கு நான். அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டாம். சாயங்காலம்வரை குளியலறைக் கதவுக்கு நானும் அவனும் முறை போட்டுக்கொண்டோம். மனைவிக்கு ஒன்றுமே இல்லை.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?" மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி என்றதும், கிருமி வயிற்றுக்குள் போய்ப் பெருகி வந்த நோயாகத் தெரியவில்லை, அது ஏற்கெனவே சோற்றில் விட்டுவைத்த நச்சாக இருக்கலாம் என்றார். பரிசோதனை செய்யாமல் உறுதியாகச் சொல்ல முடியாதாம். ஆனால் சோறு என்றால் அவருடைய முதல் சந்தேகம் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமிமேல். ஆன்டிபயாடிக் எழுதவில்லை. உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைக் கரைத்து, மடக் மடக்கென்று குடிக்காமல் சில நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று கொடுக்கச் சொன்னார். மறுநாள் காலையில் பையன் எழுந்து பள்ளிக்கூட லீவை அனுபவிக்கத் தொடங்கிவிட்டான்.

தூக்கம் வராத அந்த ராத்திரியில் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அரிசியோடு வருகிற அந்தக் கிருமியின் வித்துகள் கொதியில் சாவதில்லை. சோறு வெந்த பிறகு அண்டாவிலேயே விட்டுவைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும்; வித்துகள் முளைத்துப் பெருகிக் கிருமி நச்சைக் கக்கும். அந்த நச்சு 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் அழிவதில்லையாம். மறுநாள் வாணலியில் போட்டு எவ்வளவு வறுத்தாலும் கிருமி சாகும், நச்சு அப்படியே இருக்கும். அதற்கு வாடையும் இல்லை, ருசியும் இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்த விஷயத்தில் எடுபடாது. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் இந்த வாந்தி நோயை முதலில் அடையாளம் கண்டதும் உணவகங்களின் ஃப்ரைட் ரைஸில்தான், ராத்திரி முழுக்க வெளியே வைத்த சோற்றில்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது எளிமையானது: சமைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே, பரிமாறும்வரை 60 டிகிரிக்கு மேல் சூடாக வை, இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே குளிரவை. ஏழு மணிக்குத் திறந்த பஃபேயில் தீ அணைந்த தட்டம் பத்தே முக்காலுக்கு எந்தக் கணக்கில் வரும்? பழையதன் மேல் புதியதைக் கொட்டுவது அதைவிட மோசம். அடியில் கிடப்பதற்கு வயது எத்தனை என்று பரிமாறுகிறவனுக்கே தெரியாது.

திங்கட்கிழமை நேரில் போனேன். சண்டை போட இல்லை, சொல்லிவைக்கத்தான். முதலாளி முகம் மாறிவிட்டது. "வேற யாரும் ஒண்ணும் சொல்லலையே சார். வெளியில வேற எங்கயாவது சாப்பிட்டீங்களா?" எட்டு வருஷம் தண்ணீர் வைத்த மனுஷர் அப்படிக் கேட்டது வாந்தியைவிடக் கஷ்டமாக இருந்தது. வெளியே வண்டியை எடுக்கும்போது சமையல்கட்டு ஆள் ஒருவர் பின்வாசலிலிருந்து மெதுவாகச் சொன்னார்: சோறு சனிக்கிழமை ராத்திரியே வடித்ததாம், ஃப்ரிட்ஜில் இடமில்லை என்று அண்டாவோடு அடுப்பு மேடையிலேயே இருந்ததாம்.

சுகாதார அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், என்னென்ன சாப்பிட்டீர்கள், மிச்சம் ஏதாவது இருக்கிறதா, பில் இருக்கிறதா? மிச்சம் இல்லை. பில்லும் இல்லை. பழகின கடையில் பில் எதற்கு என்று நான் வாங்கியே பல வருஷமாகிறது. நோட்டை நீட்டி, சில்லறையை வாங்கி, வணக்கம் சொல்லி வந்துவிடுவேன். பின்வாசலில் பேசியவரைச் சாட்சிக்கு இழுத்தால் அவர் பிழைப்பு போய்விடும். பெயர் போடாததற்கு இதுதான் காரணம்.

ஆகவே பஃபேக்குப் போனால் குனிந்து தீ எரிகிறதா என்று பாருங்கள். வெட்கம் வேண்டாம். மூடியைத் திறந்ததும் ஆவி வராத சோற்றை விட்டுவிடுங்கள். மேலே கொட்டிக் கலக்கினால் அந்தத் தட்டத்தைத் தொடாதீர்கள். எவ்வளவு தெரிந்த கடையாக இருந்தாலும் பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

நேற்று அந்த ஹோட்டலிலிருந்து ஒரு பையன் வீட்டுக்கே வந்து கவர் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். மன்னிப்புக் கடிதமாக இருக்கும் என்று பிரித்தேன். இரண்டு பேருக்கு இலவசக் கூப்பன். பஃபேக்கு மட்டும், ஞாயிறு பத்தரை மணிக்கு மேல்.